கோரையைப் பட்டினி போட்ட மூன்று ஆண்டுகள்

கோவைக்கு மேற்கே, தொண்டாமுத்தூர் செல்லும் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி எங்கள் வீடு இருக்கிறது. வீட்டின் பின்புறத்தில் 30 அடிக்கு 24 அடி அளவுள்ள இடத்தில், 10 அடி நீளமும் 4 அடி அகலமும் கொண்ட 8 பாத்திகள் அமைத்து, கத்தரி, வெண்டை, மிளகாய், சின்ன வெங்காயம், கீரை என்று வீட்டுக்கு வேண்டியவற்றைப் பயிரிட்டு வருகிறோம். 2022 ஐப்பசியில் அந்தப் பாத்திகளில் கோரை முளைத்தது. 2025 இறுதியில் இதை எழுதும்போது எட்டில் ஏழு பாத்திகளில் அதைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் செய்தவற்றையும், அவற்றில் பலித்தவை எவை, நிலைமையை மோசமாக்கியவை எவை என்பதையும் ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதி வந்தேன். அதிலிருந்து எடுத்து எழுதியதே இப்பதிவு.

கோரை எங்கள் மண்ணில் முன்பு இல்லை. 2022 ஆடியில் பாத்திகளை உயர்த்துவதற்காக ஒரு லாரி வண்டல் மண் வாங்கினோம். கறுப்பாக, பொலபொலவென்று, பார்ப்பதற்கு மிக நல்ல மண். அதில் சிறு சிறு கரிய உருண்டைகள் இருந்ததைப் பரப்பும்போதே கவனித்தேன். சரளைக் கற்கள் என்று நினைத்து விட்டுவிட்டேன். அன்று ஓர் உருண்டையை நகத்தால் கீறியிருந்தால் உள்ளே வெண்மையான சதையும் மருந்து வாசனையும் தெரிந்திருக்கும். ஐப்பசி மழை தொடங்கிய பத்தாம் நாள், கீரை விதைத்த பாத்திகளில் கீரைக்கு முன்பாகவே பளபளப்பான கரும்பச்சைத் தாள்கள் ஈட்டிபோல் எழுந்து நின்றன.

புல்லையும் கோரையையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. பூத்த செடியின் தண்டை விரல்களுக்கிடையே உருட்டினால் கோரையின் மூன்று விளிம்புகளும் உறுத்தும். புல்லின் தண்டு உருண்டையாக வழுக்கிச் செல்லும். கோரையில் பல வகைகள் உண்டு. பாய் முடையும் கோரை வேறு. இங்கே நான் சொல்வது சைப்பீரஸ் ரொட்டண்டஸ் என்னும், அடியில் கிழங்கு வைக்கும் சிறு கோரை. சித்த மருத்துவத்தில் முத்தக்காசு என்று பெயர் பெற்றதும், நிலவேம்புக் குடிநீரில் சேரும் ஒன்பது சரக்குகளில் ஒன்றானதும் இந்தக் கிழங்குதான். அதே கிழங்கினால்தான் 1977-இல் அமெரிக்க ஆய்வாளர் லெராய் ஹோமும் அவருடைய குழுவினரும் உலகின் களைகளைத் தரவரிசைப்படுத்தியபோது, 90-க்கும் மேற்பட்ட நாடுகளில் பயிர்களைக் கெடுக்கும் இந்தச் செடிக்கு முதலிடம் கொடுத்தார்கள்.

முதல் இரண்டு மாதங்கள் கையால் பிடுங்கினோம். மழையில் நனைந்த மண்ணிலிருந்து தாள் எளிதாக வந்துவிடும், கூடை நிறைந்துவிடும், பாத்தி சுத்தமாகிவிட்டது போலத் தோன்றும். ஐந்தாறு நாட்களில் அதே இடத்தில் மீண்டும் தாள் எழும். கையோடு வருவது தாளும் அதன் அடியிலுள்ள சிறு குமிழும்தான் என்பதும், அதற்குக் கீழே கம்பிபோன்ற தண்டால் கோத்த மாலையாக ஐந்தாறு கிழங்குகள் இருக்கின்றன என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. ஒரு தாளின் அடியைக் கடப்பாரையால் நெம்பி, மண்ணை நீரில் கரைத்துப் பார்த்தபோதுதான் அந்த மாலை முழுவதும் கண்ணுக்குத் தெரிந்தது.

2023 தையில் நான் செய்தது இந்த மூன்று ஆண்டுகளின் மிகப் பெரிய தவறு. கையில் முடியவில்லை என்று, சிறிய களையெடுக்கும் இயந்திரம் ஒன்றை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து எட்டுப் பாத்திகளையும் ஓட்டினேன். மண் மாவாகியது. வேலிக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்த பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர், "தம்பி, கோரையை மிசினு விட்டு நறுக்காதீங்க. நறுக்குனா ஒண்ணு பத்தாகுமுங்க" என்றார். அதற்குள் ஆறு பாத்திகள் முடிந்திருந்தன. மீதி இரண்டையும் ஓட்டி முடித்தேன். அவர் சொன்னதன் பொருளை மாசியில் எண்ணிப் பார்த்து அறிந்தேன். மூங்கில் பட்டையால் ஓர் அடி சதுரச் சட்டம் செய்து, ஒவ்வொரு பாத்தியிலும் மூன்று இடங்களில் வைத்து உள்ளே நிற்கும் தாள்களை எண்ணுவது என் வழக்கம். மார்கழியில் சதுர அடிக்குச் சராசரியாக 15 தாள்கள் இருந்தன, மாசியில் 40.

இதன் காரணம் கிழங்கு மாலையின் அமைப்பிலேயே இருக்கிறது. மாலையின் நுனியில் முளைத்து நிற்கும் கிழங்கு, பின்னால் கோத்திருக்கும் மற்றக் கிழங்குகளை முளைக்கவிடாமல் உறக்கத்தில் வைத்திருக்கிறது. துளசியின் நுனியைக் கிள்ளும்வரை பக்கக்கிளைகள் அடங்கியிருப்பதுபோல என்று கொள்ளலாம். இயந்திரத்தின் கத்தி அந்த இணைப்புகளை அறுத்தவுடன் ஒவ்வொரு கிழங்கும் தனித்து விடுபட்டுத் தன் பங்குக்கு முளைக்கிறது. அகல உழுவதைவிட ஆழ உழுவது மேல் என்ற பழமொழி எல்லாக் களைக்கும் ஒன்றுபோலப் பொருந்தாது. ஈர மண்ணில் கோரையை உழுவது அதை நடுவதற்குச் சமம். உலர்ந்த மண்ணில் உழுவது வேறு கதை. அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த நிலையில் களைக்கொல்லி அடிக்கச் சொன்னவர்கள் பலர். கிளைபோசேட் தாள் வழியாகக் கிழங்குக்கு இறங்கக்கூடியது என்பது உண்மை. ஆனால் அது பயிர், களை என்று பாகுபாடு பார்ப்பதில்லை. பத்து நாள் இடைவெளியில் கீரை பறிக்கும் பாத்தியில் அதைத் தெளிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசும் அதன் பயன்பாட்டைப் பயிற்சி பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டாளர்கள் வழியாக மட்டுமே என்று வரையறுத்து அறிவிக்கை வெளியிட்டிருந்தது. கல் உப்புக் கரைசலும் வினிகரும் அடிக்கச் சொன்னார்கள். வினிகர் தாளின் நுனியைக் கருக்கும். நான்கு அங்குலம் கீழே இருக்கும் கிழங்குக்கு அது தெரியவே தெரியாது. உப்பு மண்ணில் தங்கும். கோரை போவதற்கு முன் வெங்காயமும் வெண்டையும் போய்விடும். காய்கறிப் பாத்தியில் உப்பைக் கொட்டுவது மண்ணுக்குச் செய்யும் துரோகம் என்றே கருதுகிறேன்.

ஆகவே கோடையைப் பயன்படுத்துவது என்று முடிவெடுத்தேன். 2023 பங்குனி, சித்திரை, வைகாசி ஆகிய மூன்று மாதங்களுக்கும், எட்டாம் பாத்தியைத் தவிர மற்றவற்றுக்கு வழக்கமாகத் தண்ணீர் விடுவதை நிறுத்தி, எட்டுப் பாத்திகளிலும் ஒரே முறையைக் கையாளாமல் ஐந்து விதமாகப் பிரித்துக்கொண்டேன். எது வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள அதைத் தவிர வழியில்லை.

முதல் பாத்தியை ஓர் அடி ஆழத்துக்குத் தோண்டி, மண் முழுவதையும் கால் அங்குலக் கண்ணுள்ள சல்லடையில் சலித்தேன். இந்த வேலை மண் நன்றாக உலர்ந்திருந்தால்தான் நடக்கும். ஈரமிருந்தால் மண்ணும் உருண்டையாகிக் கிழங்கோடு சல்லடையில் நின்றுவிடும். காலை 6 மணி முதல் 9 மணி வரை, என் மகனும் நானும் சேர்ந்து, ஒரு பாத்திக்கு ஐந்து நாட்கள் ஆயின. சல்லடையில் தங்கிய கிழங்குகளை நிறுத்தபோது இரண்டரைக் கிலோ இருந்தது. ஒரு கிழங்கு ஒரு கிராம்கூட வராது என்பதை நினைத்துப் பார்த்தால், 40 சதுர அடிக்குள் எத்தனை ஆயிரம் முளைகள் காத்திருந்தன என்பது விளங்கும். பெரும்பாலானவை மேல் ஆறு அங்குலத்திலேயே கிடைத்தன. ஆனாலும் பத்தாவது, பதினொன்றாவது அங்குலத்திலும் ஒன்றிரண்டு வந்துகொண்டுதான் இருந்தன.

அந்தக் கிழங்குகளை வைத்து மொட்டை மாடியில் ஒரு சிறு சோதனை செய்தேன். இந்த மூன்று ஆண்டுகளில் எனக்கு மிகவும் பயன்பட்ட அறிவு அதிலிருந்துதான் கிடைத்தது. ஒரு பங்கைச் சாக்கின் மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பிச் சித்திரை வெயிலில் காயவைத்தேன். நான்காம் நாள் 10 கிழங்குகளை எடுத்துத் தொட்டியில் ஊன்றித் தண்ணீர் ஊற்றினேன், 7 முளைத்தன. எட்டாம் நாள் எடுத்த பத்தில் 2 முளைத்தன. பன்னிரண்டாம் நாள் எடுத்தவற்றில் ஒன்றும் முளைக்கவில்லை. அதே கிழங்குகளில் மற்றொரு பங்கைக் கோணிப்பையில் கட்டி நிழலில், கொட்டகைக்குள் வைத்திருந்தேன். இரண்டு வாரத்துக்குப் பிறகும் அவற்றில் பத்துக்கு எட்டு முளைத்தன. கோரைக் கிழங்கு உலர்ந்தால் சாகும், ஆனால் நன்றாக உலர வேண்டும். பிடுங்கியதைக் குவித்து மூலையில் போடுவதும், எரு குழியில் தள்ளுவதும் அதைப் பத்திரமாகப் பாதுகாத்து வைப்பதற்கு ஒப்பாகும். அதன் பிறகு எங்கள் வீட்டில் பிடுங்கிய கோரை எதுவும் எரு குழிக்குப் போனதில்லை; எல்லாம் மாடிக்குப் போய், காய்ந்த பிறகு விறகடுப்புக்குப் போகிறது. ஊரிலிருந்து வந்த அத்தை மட்டும் கழுவிக் காயவைத்த கிழங்கில் ஒரு படி அளந்து எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு, மூன்று, நான்காம் பாத்திகளில் கோடை உழவைக் கையால் செய்தேன். உழுவது வேறு கதை என்று மேலே சொன்னது இதைத்தான். மண் காய்ந்து இறுகிய பிறகு கடப்பாரையால் பெரிய கட்டிகளாகப் பெயர்த்துப் புரட்டி, கிழங்கு மாலைகள் வெயிலில் படும்படி விட்டு, பத்து நாளுக்கு ஒரு முறை கட்டிகளைத் திருப்பிப் போட்டேன். மண்ணை உடைத்துத் தூளாக்கவில்லை; தூள் மண் கிழங்கை மூடி வெயிலிலிருந்து காத்துவிடும். இடையில் சித்திரை இறுதியில் ஒரு கோடை மழை பெய்து, காய்ந்துகொண்டிருந்த கிழங்குகளுக்கு உயிர் கொடுத்தது. அன்று முளைத்தவற்றை நான் வருத்தத்தோடு பார்த்தாலும், முளைத்தவற்றை அடுத்த வாரமே புரட்டியதால், அந்த மழை ஒருவகையில் உறங்கியவற்றை எழுப்பிக் கொடுத்த உதவி என்றும் பிறகு உணர்ந்தேன்.

ஐந்து, ஆறாம் பாத்திகளுக்கு வெயிலைப் பாலித்தீன் தாளுக்குள் பிடிக்கும் முறை. மண்ணைச் சமன் செய்து, நன்றாக நீர் பாய்ச்சி, மேலே மெல்லிய கண்ணாடித் தாளை, அதாவது நிறமற்ற பாலித்தீன் தாளை, மண்ணோடு ஒட்டும்படி இழுத்து விரித்து, நான்கு ஓரங்களையும் மண்ணில் புதைத்து ஆறு வாரம் விட்டேன். நண்பகலில் இரண்டங்குல ஆழத்தில் வெப்பமானி 51 பாகை காட்டியது. ஆறு அங்குலத்தில் 41 பாகையைத் தாண்டவில்லை. மேலே இருந்த விதைக் களைகள் முழுவதும் வெந்துபோயின. ஆழத்துக் கோரைக் கிழங்குகளுக்கு அந்தச் சூடு போதவில்லை.

இந்த இடத்தில் தாளின் நிறத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறாம் பாத்தியின் ஓரத்தில் தாள் போதாமல் இரண்டடி அகலத்துக்குக் கடையில் விற்கும் மெல்லிய கறுப்பு மூடாக்குத் தாளை விரித்திருந்தேன். பத்தே நாளில் அந்தக் கறுப்புத் தாளைக் கோரை ஊசிபோலக் குத்திக்கொண்டு வெளியே வந்தது. கண்ணாடித் தாளை ஓர் இடத்திலும் குத்தவில்லை. இருட்டில் வளரும் கோரை முளை, இலைகளைச் சுருட்டிக் கூர்முனையாகவே வைத்துக்கொண்டு வெளிச்சம் தேடி முட்டுகிறது. ஒளி புகும் தாளின் அடியில், மண்ணைத் தாண்டியவுடனேயே வெளிச்சம் கிடைத்துவிடுவதால் இலை விரிந்து, கூர்மை இழந்து, தாளுக்கும் மண்ணுக்கும் இடையில் சூட்டில் கருகுகிறது. களைக்குக் கறுப்புத் தாள்தான் சிறந்தது என்பது பொதுவாகச் சரி, கோரைக்குச் சரியில்லை.

ஏழாம் பாத்தியில் மூன்றடுக்கு அட்டைப்பெட்டித் தாள்களை நனைத்துப் பரப்பி, அதன்மேல் ஓரடி உயரத்துக்குத் தென்னை ஓலையும் சருகும் போட்டேன். அருகம்புல் அதில் அடங்கியது. கோரை ஏழு வாரம் பொறுத்திருந்து, அட்டை ஊறி இளகியதும் அதைத் துளைத்துக்கொண்டு வந்தது. இந்தப் பாத்தியைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

எட்டாம் பாத்தியை வெயிலில் காயவிடவில்லை. கோடையிலும் கொஞ்சம் கீரை வேண்டும் என்று மனைவி கேட்டதால், அதில் வழக்கம்போல நீர் பாய்ச்சிப் பயிரிட்டு, 14 நாளுக்கு ஒரு முறை தவறாமல் கோரையைக் கொத்தி எடுப்பது என்று மட்டும் வைத்துக்கொண்டோம். ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அப்படி விட்டேன். அதிலிருந்துதான் பின்னர் முழுத் தோட்டத்துக்கும் முறை கிடைத்தது.

14 நாள் என்பது மனம்போன போக்கில் வைத்த கணக்கன்று. கிழங்கிலிருந்து எழும் தாள் முதல் இரண்டு மூன்று வாரங்கள் கிழங்கில் சேர்த்து வைத்த மாவைத் தின்றே வளர்கிறது. ஐந்தாறு இலைகள் விரிந்த பிறகு இலை தயாரிக்கும் உணவு கீழே இறங்கத் தொடங்குகிறது; முளைத்த நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் புதுக் கிழங்குகள் பிறக்கின்றன. எனவே, இலை கொடுக்கத் தொடங்கும் முன்பே தாளை எடுத்துவிட்டால், கிழங்கு செலவு செய்ததற்கு வரவு இல்லை. ஒரு கிழங்கில் பல கண்கள் இருப்பதால் அது மீண்டும் மீண்டும் முளைக்கும். ஒவ்வொரு முறையும் முளை மெலியும். எட்டாம் பாத்தியில் சித்திரையில் பென்சில் பருமனுக்கு எழுந்த தாள், ஆவணியில் நூல்போல எழுந்ததை நானே பார்த்தேன். பட்டினி போடுவது என்று வீட்டில் இதற்குப் பெயர் வைத்துவிட்டோம். சமையலறை நாள்காட்டியில் இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை சிவப்பு வட்டம் விழுந்தது.

கொத்தும் முறையிலும் கவனம் வேண்டும். தாளைப் பிடித்து இழுத்தால் மண்மட்டத்தில் அறுந்துவிடும். கீழுள்ள குமிழ் மூன்றே நாளில் அடுத்த இலையை அனுப்பும். குறுகிய வாயுள்ள களைக்கொத்தைச் சாய்வாகச் செலுத்தி இரண்டங்குலம் கீழே குமிழோடு எடுக்க வேண்டும். அதைவிட ஆழம் போய் மாலையைக் கலைக்கவும் கூடாது. நீர் பாய்ச்சிய மூன்றாம் நாள், மண் கையில் ஒட்டாமலும் இறுகாமலும் இருக்கும் பதத்தில் இந்த வேலை மிக எளிதாக நடக்கிறது. ஒரு பாத்திக்கு முதல் மாதங்களில் 40 நிமிடம் ஆனது. இப்போது 5 நிமிடம்கூட ஆவதில்லை.

2023 புரட்டாசியில், மழை தொடங்கி மூன்று வாரம் கழித்து, மூங்கில் சட்டத்தை வைத்து எண்ணினேன். சலித்த முதல் பாத்தியில் சதுர அடிக்கு 2 தாள்கள். கோடையில் புரட்டிக் காயவைத்த மூன்றிலும் சராசரி 9. கண்ணாடித் தாள் போட்டவற்றில் 13. அட்டை போட்டதில் 21. நீர் பாய்ச்சிக்கொண்டே 14 நாளுக்கு ஒரு முறை கொத்திய எட்டாம் பாத்தியில் 12. சலிப்பது சந்தேகமில்லாமல் சிறந்தது. ஆனால் எட்டுப் பாத்தி மண்ணையும் சலிக்க என் முதுகு ஒத்துழைக்காது. யாருக்கும் அதைப் பரிந்துரைக்கவும் மாட்டேன், தொட்டிகளும் ஒன்றிரண்டு சிறு பாத்திகளும் மட்டும் வைத்திருப்பவர்களைத் தவிர. கோடையில் காயவைத்துவிட்டு, மழைக்காலம் முழுவதும் 14 நாள் கொத்தைத் தொடர்வது என்று அன்று தீர்மானித்தேன்.

அதோடு நிழலையும் சேர்த்துக்கொண்டேன். கோரை வெயில் விரும்பி. தலைக்குமேல் இலை மூடினால் நலிந்துவிடும். மாசியில் 40 தாள்கள் எண்ணிய அதே நாளில், சுவரை ஒட்டிப் பூசணிக்கொடி அடர்ந்திருந்த மூலையில் மட்டும் நாலைந்து வெளிறிய தாள்களே நின்றதைக் குறித்து வைத்திருந்தேன். அதனால் 2023 ஐப்பசியில் ஐந்து, ஆறு, ஏழாம் பாத்திகளிலும் நடைபாதைகளிலும் பசுந்தாள் உரப் பயிரான சணப்பின் விதையை அரைக் கிலோ வழக்கத்தைவிட இரு மடங்கு நெருக்கமாகத் தூவினேன். 20 நாளில் அது முழங்கால் உயரம் வந்து தரையை மூடியது. பூக்கும் தறுவாயில், 45-ஆம் நாள், அதை மடக்கி உழுவதுதான் வழக்கம்; உழுதால் மண் புரளும் என்பதால் நான் அரிவாளால் தரையோடு அறுத்து அங்கேயே மூடாக்காகப் படுக்கவைத்தேன். அடுத்து வந்த பயிர்களையும் இதே கணக்கில் தேர்ந்தெடுத்தேன். கோரை உள்ள பாத்தியில் தட்டைப்பயறும் பூசணியும் மொச்சையும். கோரை ஒழிந்த பாத்தியில் மட்டும் வெங்காயமும் மிளகாயும். வெங்காயத்தின் தாள் நிமிர்ந்து நிற்பதால் அதற்குக் கீழே முழு வெயில் விழுகிறது. கோரைக்கு அதைவிட வசதியான அண்டை வீடு கிடையாது. சர்க்கரைவள்ளியும் நன்றாகத் தரையை மூடுகிறது என்று ஒரு பருவம் வைத்துப் பார்த்தேன். கோரை அடங்கியது உண்மை. ஆனால் கிழங்கெடுத்தபோது கோரையின் கூர்மையான வேர்த்தண்டு சில வள்ளிக்கிழங்குகளுக்குள்ளேயே துளைத்துப் புகுந்திருந்தது.

இடையில் ஒரு சறுக்கல் நேர்ந்தது. 2023 கார்த்திகையில் குடும்ப வேலையாக ஐந்து வாரம் ஊரில் இல்லை. ஐந்து வாரம் என்பது புதுக் கிழங்கு பிறப்பதற்குப் போதுமான காலம். சணப்பு அடர்ந்திருந்த இடங்களில் சேதம் குறைவு. தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய ஆறாம் பாத்தியின் பாதியில், குழாய் கசிவினால் சணப்பு அழுகிப்போய்த் தரை வெளிச்சத்துக்குத் திறந்திருந்தது. நான் திரும்பி வந்தபோது அங்கே கோரை செம்பழுப்புக் கதிர்களோடு பூத்து நின்றது. 2024 தையில் அந்தப் பாதியில் மட்டும் சதுர அடிக்கு 18 தாள்கள். மற்றப் பாத்திகளில் 3-க்கு மேல் எங்கும் இல்லை. இப்போது நாங்கள் வெளியூர் போவதானால், போவதற்கு முந்தைய நாளில் கொத்திவிட்டு, திரும்புவதற்குள் 14 நாள் கடக்கும் என்றால் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரின் பேரனிடம் கொத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறோம்.

நீர் பாய்ச்சும் முறையையும் 2024 கோடையில் மாற்றினோம். வாய்க்காலில் விடுவதை நிறுத்திச் சொட்டுநீர்க் குழாய் போட்ட பிறகு, செடியின் அடியைத் தவிர மற்ற இடம் வறண்டு கிடக்கிறது. கொத்த வேண்டிய பரப்பு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. விதைப்பதற்கு முன் பாத்தியை நனைத்து, 10 நாள் பொறுத்து, முளைத்த களைகளை மேலாகச் சுரண்டி எடுத்துவிட்டு, பிறகு விதைப்பதையும் வழக்கமாக்கிக்கொண்டோம். கீரைப் பாத்திக்கு இது மிகுந்த பலன் தருகிறது.

பார்த்தீனியத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனெனில் கோரை குறைந்த இடத்தை அது பிடிக்கப் பார்த்தது. அமெரிக்க வெப்ப மண்டலத்துச் செடியான இது 1955-இல் புனேயில் கண்டறியப்பட்டு நாடு முழுவதும் பரவியது. எங்கள் வேலிக்கு அடுத்த காலிமனையில் மழைக்குப் பின் இடுப்பளவு நின்றது. கோரைக்கு நேர்மாறான குணம் இதற்கு: அடியில் சேமிப்பு எதுவும் இல்லை; ஒரு செடியே பல ஆயிரம் விதைகளை உதிர்ப்பதால் வலிமை முழுவதும் விதையில் இருக்கிறது. எனவே பூப்பதற்கு முன், இலைகள் தரையோடு படிந்திருக்கும் இளம் பருவத்தில், ஈர மண்ணில் வேரோடு பிடுங்கினால் போதும். வெறுங்கையால் தொடக் கூடாது. முதல் ஆண்டு கையுறையில்லாமல் அரை மணி நேரம் பிடுங்கியதற்கு என் முன்கைகளில் இரண்டு வாரம் தடிப்பும் அரிப்பும் இருந்தன. இப்போது முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை, மூக்கை மூடிய துண்டு ஆகியவை இல்லாமல் வேலிப் பக்கம் போவதில்லை. பூக்காத செடியை எரு குழியில் போடலாம். பூத்ததைப் போடக் கூடாது.

காலிமனையில் நின்ற செடிகளின் இலைகளை, வெண்மையான முதுகில் கரும்பழுப்புக் கோடுகள் ஓடும் சிறு வண்டுகள் சல்லடையாக அரித்திருந்ததைக் கண்டேன். மெக்சிகோவிலிருந்து தருவிக்கப்பட்டு, சோதனைகளுக்குப் பின் 1984-இல் பெங்களூரில் விடப்பட்ட சைகோகிராமா வண்டு அது. மழைக்காலத்தில் மட்டுமே அதன் வேலை நடக்கிறது. வறட்சியில் மண்ணுக்குள் அடங்கிவிடுகிறது. அதை நம்பி உட்கார முடியாது என்றாலும், அது இருக்கும் செடிகளை நான் பிடுங்காமல் விட்டுவைக்கிறேன். வேலியின் எங்கள் பக்கத்தில் ஆவாரையும் தகரையும் நெருக்கமாக வளர்த்தோம். இரண்டாம் ஆண்டு முதல் பார்த்தீனிய நாற்றுகளுக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை.

வெளியிலிருந்து வரும் மண்ணையும் தொழு உரத்தையும் இப்போது சோதிக்காமல் பாத்தியில் சேர்ப்பதில்லை. ஒவ்வொரு வண்டியிலிருந்தும் நான்கைந்து இடங்களில் அள்ளி மூன்று தொட்டிகளில் நிரப்பி, நீரூற்றி, வெயிலில் மூன்று வாரம் வைத்துப் பார்க்கிறோம். 2025 ஆனியில் வந்த ஒரு வண்டி தொழு உரத்தில் இரண்டு தொட்டிகளில் கோரை எழுந்தது. அந்த உரத்தைப் பாத்திக்குப் போடாமல், சிமென்ட் தளத்தில் மெல்லிதாகப் பரப்பிக் காயவைத்து, சலித்த பிறகே பயன்படுத்தினோம். நாற்றுப் பண்ணையிலிருந்து வாங்கும் செடிகளின் தொட்டி மண்ணையும் இதேபோல ஒரு முறை கலைத்துப் பார்ப்பது நல்லது. கோரையின் விதை அரிதாகத்தான் முளைக்கிறது. அது ஊர் மாறுவதெல்லாம் மண்ணோடு சேர்ந்த கிழங்காகத்தான்.

2025 ஐப்பசியில் எடுத்த கடைசிக் கணக்கின்படி ஒன்று முதல் ஐந்து வரையும், ஏழு, எட்டாம் பாத்திகளிலும் சட்டத்துக்குள் ஒன்றும் இல்லை. பாத்தி முழுவதையும் நடந்து தேடினால் மூன்று நான்கு மெலிந்த தாள்கள் அகப்படுகின்றன. ஆறாம் பாத்தியில் இன்னும் சதுர அடிக்கு 4. எத்தனை முறை கொத்தினாலும் தொட்டியின் பக்கத்திலிருந்தே அது வருகிறது. தொட்டியைச் சுற்றிப் பதித்திருக்கும் கற்களுக்கு அடியில், ஈரம் வற்றாத மண்ணில், தொடப்படாத மாலைகள் இருக்கின்றன என்பது போன வாரம் ஒரு கல்லை நெம்பிப் பார்த்தபோது தெரிந்தது. கசியும் குழாயைக் கார்த்திகைக்குள் மாற்றிவிட்டு, வரும் பங்குனியில் மண் காய்ந்ததும் அந்த ஐந்து கற்களையும் பெயர்த்து, அடியிலுள்ள மண்ணை ஓரடி ஆழத்துக்குச் சலிக்கப் போகிறோம். பழைய சல்லடையின் கம்பி துருப்பிடித்து அறுந்துவிட்டதால் புதிய வலை வாங்கி மரச்சட்டத்தில் அடித்து வைத்தாயிற்று.